படிக்காசு காட்டும் நெறி

திருச்சிற்றம்பலம்

பொதியமலையிற் பிறந்து, பாண்டிநாட்டின் தென்பகுதியை வளஞ்செய்து, மன்னார் வளைகுடாவிற் கலக்கும் பொருநையாறு தன் கடைவழியிற் கண்டு செல்லும் ஊர்களுள் ஒன்று ஏரல். சங்கப் புலவர் பாடிய கொற்கை இதற்கு அணித்தே உள்ளது. முத்துக்குப் பெயர்பெற்ற துறையாக இருந்த அவ்வூர், ஆறு கொணர்ந்த வண்டலாற் கடல் விலகிப் போக, இன்று வயல் சூழ்ந்த சிற்றூராய்க் காட்சியளிக்கின்றது. இக்கடலில் அரசினர் நடத்திவந்த முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆற்றின் கொடையும் கடலின் கொடையும் என்றும் ஒருபடித்தாய் இரா என்பதனை இந்நாட்டு மக்கள் நூல் பாராமலே அறிவர். கொடை மாறினும் கொடுப்பவன் மாறான் என்னும் உறுதியினாலேயே அவர்கள் ஆற்றங்கரைதோறும் கோயில் எடுத்தனர்.

அத்தகைய கோயில்களுள் ஒன்றாகிய இத்திருக்கோயிலின் திருக்குட நன்னீராட்டு விழா மலருக்குக் கட்டுரை வரைக என அன்பர்கள் பணித்தபோது, வேறு பொருளை நாட என் உள்ளம் இசையவில்லை. இடர் வந்த காலத்து இறைவன் திருவருளை நம்புதல் எவ்வாறு, அந்நம்பிக்கையைப் பிறர்க்குக் காட்டுதல் எவ்வாறு என்பதே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று. காரணம் பின்வருமாறு.

வெள்ளமும் வினாவும்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், சோபகிருது ஆண்டின் மார்கழி முதல் நாளாகும். திருக்கோயில்களில் வைகறைப் பொழுதில் திருவெம்பாவை ஓதத் தொடங்கும் நன்னாள். அந்நாளில் வலுத்த மழை மறுநாட் காலைவரை ஓயவில்லை. ஒரே பகலிரவில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், திருவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்ததாகக் கணக்கிட்டனர். ஓராண்டிற் பெறவேண்டிய மழையை ஒருநாளிற் பெற்றால் நிலம் என் செய்யும்? குளங்கள் கரை உடைந்தன. பொருநையின் எட்டாவதும் இறுதியுமாகிய திருவைகுண்டம் அணைக்கட்டினைக் கடந்த பெருவெள்ளம் இருகரையும் வழிந்து ஊர்களுட் புகுந்தது. ஏரற் கடைவீதி நீருள் மூழ்கியது. ஆற்றின் மேலுள்ள உயர்மட்டப் பாலத்தை ஒட்டிய சாலை அறுந்து போக, ஊர் தீவாயிற்று. மின்னொளி இல்லை, தொலைபேசியும் இல்லை. நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் ஒருங்கே அழிந்தன. இத்திருக்கோயிலினுள்ளும் நீர் புகுந்து சேறு படிந்தது.

நீர் வடிந்த பின்னர் ஒருநாள், யான் நெடுங்காலமாய் அறிந்த பாத்திர வணிகர் ஒருவரைக் காணச் சென்றேன். சேறு நிறைந்த கடைவாயிலில் நின்றிருந்த அவர், என்னைக் கண்டதும், "ஐயா, மார்கழி முதல் நாள் விடியலிலே சுவாமியைப் பாடிவிட்டுத்தானே வந்தோம்? அன்றைக்கேயா இப்படி வரவேண்டும்?" என்று கேட்டார்.

யான் மடத்திற் கற்ற கல்வியை அவ்விடத்தே விரிக்கலானேன். நுகர்வினை நுகர்ந்தே கழியவேண்டும் என்றேன். தந்தை மகனைத் திருத்தற்பொருட்டுக் கோல் எடுப்பினும் அதுவும் அன்பேயாதல்போல, துன்பமும் இறைவனது மறக்கருணையே என்று அருணந்தி சிவாசாரியர் கருத்தையும் எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை; தலையசைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடையினுள்ளே சென்றார்.

யான் கூறியது சித்தாந்தத்திற்கு மாறன்று. ஆயினும் அவர் சென்ற விதம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. உண்மையைச் சொல்லியும் பிழை செய்தேன் என்று ஒருவாறு உணர்ந்தேன். பிழை யாதென அப்போது விளங்கவில்லை. அதனை விளக்கியது நம் சமய வரலாறே ஆகும்.

திருவீழிமிழலையில் நிகழ்ந்தது

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு சோழநாட்டுத் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தனர். அக்காலத்து வானம் பொய்த்தது, ஆறுகள் வறண்டன, உணவின்றி மன்னுயிர்கள் வாடின, தேவர்க்குச் செய்யும் பூசனையும் முட்டுப்பட்டது. இதனை 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் விரித்துரைக்கின்றார். அங்கே அவர் காட்டும் நுட்பம் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. திருநீற்றைச் சார்ந்தோர்க்கும் கவலை வருமோ என்று ஞானசம்பந்தரும் நாவரசரும் தம் கருத்திற் கொண்டனராம்.

அன்பர்கள் ஊன்றி நோக்குக. ஏரற் கடைவீதியில் அவ்வணிகர் கேட்ட வினாவும் இதுவே அன்றோ? அடியவர்க்கும் துன்பம் வருமோ என நினைத்தல் நம்பிக்கைக் குறைவின் அடையாளமாயின், அந்நினைவு சமய குரவர் இருவர் உள்ளத்தே தோன்றியிராது. அன்புடையார் நெஞ்சிலேதான் அவ்வினா எழும். அதற்கு யான் காட்டிய விரைவை இறைவன் காட்டவில்லை. வினையின் இயல்பை அவன் அவர்களுக்கு விரித்துரைக்கவில்லை.

இறைவன் செய்தது யாது? இருவர் கனவிலும் தோன்றினான். காலத்தின் மாறுபாட்டால் நீவிர் மனம் வாடுவீர் அல்லீர் எனினும், உம்மைச் சார்ந்தோரின் கவலை தீர்க்கும்பொருட்டு நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோம் எனத் திருவாய்மலர்ந்தருளினான். அவ்வாறே கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாகப் பொற்காசுகள் வைக்கப்பெற்றன. அதுவே படிக்காசு எனப்பட்டது. அக்காசினைக் கொண்டு பண்டம் வாங்கி, அடியார் அனைவரும் வந்து அமுது செய்க எனப் பறையறைவித்து, இருவர் திருமடங்களிலும் இருபொழுதும் உணவு அளிக்கப்பட்டது.

பஞ்சத்தை ஒரு நொடியில் நீக்க வல்லவன் மழையை உடனே பெய்விக்கவில்லை, காசு தந்தான். ஓராண்டுக்கு வேண்டும் நிதியை ஒருங்கே குவிக்கவும் இல்லை. அன்றன்றைக்கு ஒரு காசே தந்தான். அதனையும் தமக்கென ஒன்றும் வேண்டாத இருவர் கையிலே தந்தான். இம்மூன்றும் கருத்துடைய செயல்களேயாம். நாளைக்கு வேண்டுவதை இன்றே தந்துவிட்டால் நாளைப்பொழுதில் நம்பிக்கைக்கு இடம் இராது. தமக்கென வேண்டுவார் கையிலே தந்தால் அது பிறரைச் சேராது. மழையாகவே தந்திருப்பின் உயிர்கள் பிழைத்திருக்கும். ஆயின் அடியார் ஒருவர்க்கொருவர் உணவிடும் காட்சியை உலகம் கண்டிராது. பின்னர் மழை பெய்து நாடு செழித்ததும் உண்மையே. அதற்கு முன்பாக, பஞ்சத்தின் நடுவே இரண்டு பந்திகளை இறைவன் விரிப்பித்தான்.

வாசியும் கைத்தொண்டும்

இவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. நாவரசர் திருமடத்தில் உரிய காலத்தே உணவு அமைந்தது; ஞானசம்பந்தர் திருமடத்திலோ காலந்தாழ்த்து அமைந்தது. காரணம் வினவியபோது, நாவரசர் பெறும் காசினை வணிகர் தடையின்றி ஏற்கின்றனர், நாம் பெறும் காசிற்கு வட்டம் கேட்கின்றனர் என அமுதமைப்போர் கூறினர். நாவரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவராதலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பதனை ஞானசம்பந்தர் உணர்ந்து, மறுநாள் பதிகம் பாடி வாசி தீர்ந்த காசு பெற்றனர்.

ஆளுடைய பிள்ளையாருக்கு ஏற்பட்ட குறை ஒன்றும் அன்று இது. நமக்கு அறிவுறுத்தற்பொருட்டு இறைவன் நிகழ்த்திய விளையாட்டு. சொல்லினும் கைத்தொண்டு கடைத்தெருவில் விரைந்து செல்லுபடியாகும் என்பதே அதன் கருத்து. யான் ஏரற் கடைவாயிலில் நீட்டிய காசு சொற்காசு, வாசியுடைய காசு. பசித்தவன் அதனைக் கொண்டு எதனை வாங்குவான்?

ஆதீன மடத்திற் பயின்ற காலத்து எம் ஆசிரியர் மாகேசுர பூசை நாள்களில், பாடம் கேட்கும் மாணவர் அனைவரையும் பந்தியில் இலை போடவும் நீர் வார்க்கவும் ஏவுவார். பாடத்தில் முதல்வனாய் இருப்பவனுக்கு எச்சில் இலை எடுக்கும் பணி தருவார். இளமையில் அதனை மடத்து ஒழுங்கு என்று மட்டுமே கருதினேன். சித்தாந்தம் கேட்ட செவிக்கு அதுவே உரை என்பது எழுபது வயது கடந்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

கஞ்சித்தொட்டித் தருமம்

சைவத்தின் பழைய நெறி புராண காலத்தோடு நின்றுவிடவில்லை. 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டிருக்கின்றோம். சென்னை மாகாணத்தில் எண்ணிறந்தோர் மாண்டனர். நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என 1877இல் அரசினர் அளவு குறைத்த காலம் அது. கடல் கடந்த யாழ்ப்பாணத்தையும் பஞ்சம் வாட்டியது.

அங்கே நல்லூரில் 1822ஆம் ஆண்டு தோன்றி, சைவத்திற்கும் தமிழுக்கும் தம்மை ஒப்படைத்தவர் ஆறுமுகநாவலர். 'நாவலர்' என்னும் பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தால் அவருக்கு வழங்கப்பெற்றது. வினை, மறுபிறப்பு, ஆசாரம் ஆகியவற்றில் அவரினும் உறுதியுடையார் அந்நூற்றாண்டில் அரியர். வினைக்கொள்கையைக் காரணங்காட்டிப் பசித்தோரைக் கைவிட ஒருவர்க்கு உரிமை உண்டென்றால், அவ்வுரிமை அவர்க்கே முதலில் இருந்திருக்கும். ஆனால் அவர் செய்தது வேறு. 1877இல் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்தி, செல்வர்பாற் பொருள் திரட்டி, பசித்து வந்தோர்க்கெல்லாம் கஞ்சி வார்ப்பித்தார். மக்கள் துயரைப் பொருட்படுத்தாத அதிகாரிகளை எழுத்தினாலும் கண்டித்தார். அதன்பின் ஈராண்டளவில், 1879ஆம் ஆண்டு டிசம்பரில், இறைவன் திருவடி நிழல் எய்தினார்.

பெரியபுராணத்தை வசனநடையில் எழுதி 1852இல் அச்சிட்டு வெளியிட்டவரும் இந்நாவலரே. திருவீழிமிழலைப் படிக்காசு வரலாற்றைத் தம் கையால் உரைநடையாக்கிய ஒருவர், 25 ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டிற் பஞ்சம் வந்தபோது அவ்வரலாற்றைத் தொட்டியும் கஞ்சியுமாகத் திரும்ப எழுதினார் எனலாம். புராணம் படிப்பதன் பயன் இதுவே.

பொருநைக்கரையில்

இனி நம் நாட்டிற்கு மீள்வோம். அதே டிசம்பர் 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி, தண்டவாளத்தின் அடிமண் வெள்ளத்தால் அரிக்கப்பட்டமையின் திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் அதில் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலுள்ள பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் நாற்புறமும் நீர் சூழ, 19ஆம் நாள் வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அருகிலுள்ள புதுக்குடி என்னும் சிற்றூரின் மக்கள், தம் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருக்க, ஊர்க்கோயிலை அடுக்களையாக்கி, வீடுகளில் இருந்த அரிசியைக் கொணர்ந்து, முன்பின் அறியாத அப்பயணிகளுக்குச் சோறு சமைத்து அளித்தனர்.

மாவிலும் நெல்லிலும் எவ்வளவு எஞ்சும், நாளை நம் பிள்ளைகளுக்கு என்ன செய்வோம் என்று அவர்கள் எண்ணாமல் இருந்திருக்க முடியாது. எண்ணியும் கொடுத்தனர். மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்கு, விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து அமுதாக்கிய இளையான்குடி மாறனார் செய்ததும் இதுவே. நாளைய விளைவை இன்றைய விருந்தினர்க்கு அளித்தல், நாளைக்கு உரியவன் வேறொருவன் உளன் என்னும் துணிவு உடையார்க்கே இயலும்.

ஏரலிலும் அந்நாள்களில் இவ்வாறே நிகழ்ந்தது. மாடியுள்ள வீட்டார் மாடியில்லா வீட்டாரை ஏற்றுக்கொண்டனர். ஓரடுப்பில் மூன்று குடும்பம் உண்டது. எவர் எச்சமயத்தார் என ஒருவரும் கேட்டிலர். இவ்வூர்க்கு இது புதிதன்று. இவ்வாற்றங்கரையிற் கோயில்கொண்டு, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பெருந்திரளான மக்களால் வழிபடப்பெறும் அருணாசல சுவாமிகள், 1906 முதல் ஏரலின் தலைவர் பதவியில் இருந்து, 1908ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், ஆடி அமாவாசையன்று, 27 வயதில் இறைநிலை எய்தியவர். மக்கள் அவரை இன்றும் 'சேர்மன்' என அப்பதவிப் பெயராலேயே அழைத்து வணங்குகின்றனர். ஊர்ப்பணியின் பெயரே தெய்வப்பெயராய் நிலைத்த ஊரில், இடர்க்காலத்தில் கைகள் நீளாமல் இருக்குமா?

பிழை விளங்கிய நாள்

வெள்ளத்தின் பின் சில நாள் இத்திருக்கோயில் மண்டபத்தில் எல்லோர்க்கும் உணவு சமைக்கப்பட்டது. யானும் சென்றேன். அங்கே அடுப்பில் ஏற்றியிருந்த அண்டாக்கள் புதியனவாயும், ஓரங்களிற் சேற்றுக்கறை படிந்தனவாயும் இருந்தன. யாருடையவை எனக் கேட்டேன். என்னிடம் வினாவெழுப்பிய அவ்வணிகர் தம் கடையிலிருந்து அனுப்பியவை என்றனர். அவரும் அங்கே விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அருகிற் சென்றேன். "கறை பட்டுவிட்டது, ஐயா, விலைக்கு ஆகாது. சோறு பொங்க ஆகுமே!" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. அன்று கேட்ட வினாவை அவர் மீண்டும் எழுப்பவும் இல்லை. யான் சொன்ன விடையைக் குறிப்பிடவும் இல்லை. யான் மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு இலைக்கட்டை எடுத்தேன்.

அன்று இலை போடும்போது என் பிழை எனக்குத் தெளிவாயிற்று. வினைக்கொள்கை பொய்யன்று, அதனை எவர் எவரிடம் கூறுவது என்பதிலேதான் தவறினேன். எனக்குத் துன்பம் வருங்கால், இது என் வினை எனக் கொண்டு பொறுத்தல் அறிவு. இறைவன் திருத்துகின்றான் எனக் கொண்டு அவன்பால் அன்பு குறையாது நிற்றல் பத்தி. பிறர்க்குத் துன்பம் வருங்கால், இது அவர் வினை எனக் கூறி ஒதுங்குதல் அறிவுமன்று, பத்தியுமன்று. அப்போது நான் நினைக்கவேண்டியது அவர் வினையை அன்று. என் கையில் இன்று வைக்கப்பட்டுள்ள படிக்காசை. தன் துன்பத்தில் வினையையும், பிறர் துன்பத்தில் திருவருளையும் நினைப்பவனே சித்தாந்தத்தைக் கற்றவன் ஆவான். இதனை மாற்றி, தன் துன்பத்திற்கு இறைவனை நொந்து, பிறர் துன்பத்திற்கு வினையைக் காட்டுவதே உலகில் மிகுதி. ஈசன்பால் அன்பில்லாதார்க்கு எவ்வுயிரிடத்தும் அன்பில்லை, தம்மிடத்தும் அன்பில்லை என்று அருளிய அருணந்தி சிவாசாரியரின் கருத்தையே யான் அன்று மேற்கோளாகக் காட்டியிருக்கவேண்டும். அதுவும் அவ்வணிகர்க்கு அன்று, எனக்கு.

திருக்கோயிலும் நடமாடும் கோயிலும்

படத்தால் அமைந்த கோயிலுக்கு அளிப்பது நடமாடும் கோயிலாகிய மக்களைச் சேராது. நடமாடும் கோயிலுக்கு அளிப்பதோ இறைவனையே சேரும் என்பது திருமூலர் திருவுள்ளம். இதனைக் காட்டி, கோயில் எடுத்தல் வேண்டா எனக் கூறுவார் உளர். அது அவர் கருத்தன்று. மண்டபம் இல்லையேல் வெள்ளத்தில் அடுப்பு மூட்ட இடம் ஏது? புதுக்குடியில் கோயிலன்றோ அடுக்களையாயிற்று! நவகைலாயங்களுள் ஒன்றாகிய இராசபதித் திருக்கோயில், முன்னாளில் ஆற்றுவெள்ளத்தால் அழிந்துபோய், அண்மைக் காலத்தில் அன்பர்களாற் புதிதாக எழுப்பப்பெற்றுப் பூசனை நடைபெறுவதை நாம் காண்கின்றோம். ஆறு கொண்டுபோனதை ஆற்றங்கரை மக்கள் மீண்டும் எடுக்கின்றனர். கோயிலை எடுக்கும் கையும் சோறு இடும் கையும் ஒன்றாக இருத்தல்வேண்டும். அதுவே நாவரசர் ஏந்திய உழவாரத்தின் பொருள்.

இத்திருக்கோயிலில் இன்று சேறு இல்லை. திருச்சுற்று செப்பமுற்று, விமானத்திற் புதிய வண்ணம் பொலிகின்றது. யாகசாலையிற் பூசிக்கப்பெற்ற குடங்களின் நீர் விமானத்தின் உச்சியிற் சொரியும்போது, அந்நீர் பொருநைநீரே என்பதனை மறவாதிருப்போம். வெள்ளமாய் வந்து நம் வீடுகளை வருத்திய ஆறு அதுவே. குடத்தில் அடங்கி நம் தலையில் திருநீராய்த் தெளிக்கப்படுவதும் அதுவே. விழா முடிவில் மகேசுவர பூசையில் பந்தி விரியும். அன்பர்கள் உண்டு எழுந்தபின் ஓர் இலையாவது தம் கையால் போட்டுச் செல்வார்களாக. மண்டபத்து அடுக்களையில் அவ்வணிகர் தந்த அண்டாக்கள் இன்றும் உள்ளன. கறை போகவில்லை, சோறு பொங்குகின்றது.

பருவமழை அளவொடு பெய்க. பொருநை கரைக்குள் ஒழுகுக. உழவும் வாணிகமும் கடற்றொழிலும் ஓங்குக. ஏரலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் எல்லா நலமும் பெறுக. யாவரும் இறைவன் திருவருளை நம்பி, நம்பியதைப் பிறர்க்கு நல்கி வாழ்க.

திருச்சிற்றம்பலம்